மீன் தொட்டிக்கு வைத்திருந்த தண்ணீர்

அந்த மீனை எனக்கு வந்த நாளிலிருந்தே பிடிக்காது. நீளம் ஒரு விரல்தான். பச்சை உடம்பு, அதில் தலையிலிருந்து வால் வரை சிவப்பும் நீலமுமாகக் கோடுகள், உதட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நாலு பல். கண் இரண்டும் தனித்தனியாகச் சுழலும். நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தால் ஒரு கண் என்னைப் பார்க்கும், இன்னொன்று டிவியைப் பார்க்கும். அடுத்தவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்ற அடக்கம் துளியும் கிடையாது. கூடவே ஒட்டிக்கொண்டு வந்த இரண்டு குட்டி நத்தைகளையும் முதல் நாளே கல்லில் மோதி உடைத்துத் தின்றுவிட்டது.

கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர். மூக்கையூர் கடற்கரையிலிருந்து அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்கு மீன் லோடு ஓட்டுகிறவர் அவர். விடியுமுன் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுவார். ஒருநாள் அங்கே அலைத் தடுப்புக் கல்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்ட ஒருவர், இதைப் பிடித்து, குழம்புக்கு ஆகாது என்று கல்மேலேயே எறிந்திருக்கிறார். அது துள்ளிக்கொண்டு கிடந்ததாம். இவருக்கு மனசு கேட்கவில்லையாம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்க மறந்து வந்த மனுஷனுக்கு மீன் துள்ளினால் மனசு கேட்கவில்லை.

பெயர் கேட்டேன். "பாருல கெடக்குற மீனு. கிளி மீனுங்கிறாக. கிளி மீனுல நூறு வகை இருக்காம்" என்றார். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறை. நான் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே மீனைப் பற்றி இருந்த ஒரே புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கெண்டை, விரால், கெளுத்தி என்று கண்மாய் மீனாகவே இருந்தது. திருச்சுழி பக்கத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் எதற்கு என்று நினைத்து வாங்கிப் போட்டிருப்பார்கள். நியாயம்தான்.

டிவி பக்கத்தில் கண்ணாடித் தொட்டி வந்தது. அடியில் அரை முழத்துக்குக் கடல் மணல். காற்று விடும் மோட்டார். கரண்ட் போனால் ஓடப் பேட்டரியில் இன்னொரு மோட்டார். கரண்ட் போனால் எனக்கு விசிறி மட்டைதான். வெளிச்சம் குறைந்ததும் அந்த மீன் மணலில் தலையைக் குத்தி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். யாராவது புது ஆள் வந்தாலும், கதவு படாரென்று சாத்தினாலும் அப்படித்தான், கண்மூடித் திறப்பதற்குள் மணலுக்குள் போய்விடும். பிறகு தொட்டியில் தண்ணீரும் மணலும் மட்டும் இருக்கும். எப்போது வெளியே வரும் என்பது அதன் இஷ்டம்.

வாரத்துக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்ற வேண்டும். கடல் தண்ணீரே வேண்டும். மூக்கையூரிலிருந்து தண்ணீர் கேனில் பிடித்து லோடு வண்டியில் வரும். கடைக்காரர் நமக்குக் குடிதண்ணீர் போடுகிறாரே, அதே நீலக் கேன். "எதுக்கு அம்புட்டுத் தூரத்துலருந்து? நம்ம போர் தண்ணியும் உப்புத்தான, அத ஊத்துங்க" என்று நான் ஒருநாள் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. கடல் உப்பு வேறு, நம் ஊர் உப்பு வேறாம். நம் ஊர் உப்பில் மூன்றாம் நாள் செத்துவிடுமாம். அந்த உப்பைத்தான் நாங்கள் காலமெல்லாம் குடித்தோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிறுநீரகத்தில் கல் தவிர.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. தலைமுடி நாராகப் போகும். குடிப்பதற்குக் கேன் தண்ணீர்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் கேன் தண்ணீர் கிடைத்துவிடாது. வேண்டியவர் வந்தால் கேன் தண்ணீர். வேண்டாதவர் வந்தால் போர் தண்ணீர். வாயைத் திறந்து "எழுந்து போ" என்று யாரும் சொல்வதில்லை. வந்தவர் ஒரு வாய் குடிப்பார், புரிந்துகொள்வார், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்புவார். சம்பந்தம் பேச வந்தவர்களை அப்படியே அனுப்பிய வீடுகள் எனக்குத் தெரியும். களை எடுக்கப் போன வீடுகளில் என் அம்மாவுக்குக் கடைசிவரை மாட்டுத் தொட்டித் தண்ணீர்தான் ஊற்றினார்கள். அதனால் என் வீட்டில் எதிரி வந்தாலும் நல்ல தண்ணீர்தான் என்று வைத்திருந்தேன். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

இனி அண்ணன். எனக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். மல்லாங்கிணற்றில் சிமெண்ட் கடை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்கே புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். முதல் பந்தியில் என் வீட்டுக்காரர் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டார். அப்போது மதினியின் சொந்தக்காரர்கள், மதுரைக்காரர்கள், காரில் வந்து இறங்கினார்கள். அண்ணன் நேரே வந்து, "மாப்ள, நீங்க அடுத்த பந்தியில உக்காருங்க" என்றார். இலையில் உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. அந்த இலையிலிருந்து எழுந்திரு என்கிறார். இவரும் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அந்த இலையில், அதே ஊறுகாயோடு, மதுரைக்காரர் உட்கார்ந்தார்.

இவருக்கு அது உறைக்கவே இல்லை. "அடுத்த பந்தியிலயும் இதே சோறுதான போடப் போறாக" என்றார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. செய்முறைக்கு நான் கொண்டுபோயிருந்த குத்துவிளக்கைச் சாமி படத்துக்கு முன்னாலிருந்து திரியோடு தூக்கிக்கொண்டேன். வாசலில் நின்று, அண்ணன் யார் காசில் கல்யாணம் முடித்தார், யார் கழுத்துச் சங்கிலியை வைத்துக் கடை திறந்தார் என்று எல்லாம் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டேன். அண்ணன் வெளியே வந்து, "இனிமே உன் வீட்டுல பச்சத் தண்ணிகூட என் பல்லுல படாது" என்றார். சொன்னபடி நடந்தார். எதிரெதிர் பஸ்ஸில் வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் திருப்பிக்கொண்டேன். எனக்கும் கழுத்து இருக்கிறதே.

என் மகளுக்குப் பாளையம்பட்டியில் கல்யாணம் முடிவானது. பேச்சு முடிந்து எழும்போது மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், பெண்ணுக்குத் தாய்மாமன் யார் நிற்பார் என்று. எங்களில் தாய்மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தால்தான் பெண் மேடை ஏறுவாள். ஆள் இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட உறவில் யாரையாவது நிறுத்துவார்கள். என் அண்ணன் ஒருமணி நேர பஸ் தூரத்தில் சிமெண்ட் விற்றுக்கொண்டிருக்கும்போது நான் எதற்காக இன்னொருவரை நிறுத்த வேண்டும்? எனக்கு அண்ணன் வேண்டும். மகளுக்காக என்று ஊரில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காகத்தான்.

சொந்தத்தில் பெரியவர்கள் இருவர் தூது போனார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "அன்னைக்குச் செஞ்சது தப்புத்தான் மாப்ள" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சீர் வேண்டாம், நகை வேண்டாம், அந்த வார்த்தை போதும். அண்ணன் நாலு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாராம். ஞாயிற்றுக்கிழமை மதினியோடு வருவார், என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், பிறகு அந்த வார்த்தையைச் சொல்வார் என்று பேச்சு. எனக்கு அந்த வாரம் முழுக்கப் புத்தகத்தில் முத்திரை எந்தப் பக்கம் குத்துகிறோம் என்றே தெரியவில்லை.

சனிக்கிழமை வீட்டைக் கழுவினேன். மீன் தொட்டிக்குக் கீழே வலை, பைப்பு, பாட்டில், கேன் என்று ஒரு குப்பைமேடு. "இதையெல்லாம் கண்ணுல படாத எடத்துல வைங்க" என்று வீட்டுக்காரரிடம் சத்தம் போட்டேன். அவரும் எடுத்து வைத்தார். தண்ணீர் மாற்ற அன்றுதான் கொண்டுவந்திருந்த இரண்டு கேன் கடல் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறையில், குடிதண்ணீர் கேன் வைக்கிற மூலையில் வைத்தார். ஒதுக்குப்புறமான இடம் என்று பார்த்துத்தான் வைத்தேன் என்று பிற்பாடு சொன்னார். ஒரு வீட்டில் ஒதுக்குப்புறம் எது என்று தெரிய அந்த வீட்டில் வேலை செய்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு கேன் தண்ணீர் சொல்லி வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் மூலையில் இரண்டு கேன் நிறைய இருந்தது. தண்ணீர் கேன் வண்டிக்காரர் வந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அவர் வரவே இல்லை. அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. மசாலா வாடையில் வேறு எந்த வாடையும் மூக்கில் ஏறவில்லை. ஒரு கேனைச் சாய்த்துச் சொம்பில் பிடித்து வைத்தேன். தேய்த்துக் கழுவிய இரண்டு டம்ளரைப் பக்கத்தில் கவிழ்த்தேன்.

பதினோரு மணிக்குக் கார் வந்து நின்றது. அண்ணன் இளைத்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்பதுபோல நின்றார். "வாங்கண்ணே" என்றேன். மதினி பின்னால் வந்தார். பட்டுச்சேலை. என் வீட்டுச் சுவர், ஜன்னல், மின்விசிறி என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலை போட்டுக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் கும்பிட்டாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் போய்ச் சொம்பையும் டம்ளரையும் எடுத்து வந்தேன்.

முதலில் மதினிக்குக் கொடுத்தேன். பிறகு அண்ணனுக்கு. மதினி வெயிலில் வந்த களைப்பில் ஒரு பெரிய வாயாகக் குடித்தார். அப்படியே எழுந்து ஜன்னலுக்கு ஓடித் துப்பினார். நான் என்ன நினைத்தேன் என்றால், கேன் தண்ணீர்கூட இந்த அம்மாவுக்கு இறங்கவில்லை, வந்த இடத்திலும் சீமாட்டித்தனம் காட்டுகிறார் என்று. பதினோரு வருஷம் அடக்கி வைத்திருந்த வாய் என்னுடையது. "என்ன மதினி, எங்க வீட்டுத் தண்ணி மதுரைத் தண்ணி மாதிரி இல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். சிரித்துக்கொண்டே வேறு கேட்டேன்.

"ஏங்க, குடிக்காதீக" என்றார் மதினி. "போர் தண்ணியக் குடுத்தாக்கூட வேண்டாம்னு சொல்றான்னு போயிரலாம். இவ உப்ப அள்ளிப் போட்டுக் கரைச்சு வச்சிருக்கா."

அண்ணன் அதற்குள் ஒரு மடக்குக் குடித்திருந்தார். டம்ளரை உதட்டிலிருந்து எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் மிச்சமிருந்தது. பிறகு அவர் டம்ளரைச் சாய்த்து மிச்சத்தையும் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தரையில் மெதுவாக வைத்தார்.

நான் சொம்பைத் தூக்கி வாயில் ஊற்றிப் பார்த்தேன். நாக்கு எரிந்தது. ஒரு நொடியில் மொத்தமும் புரிந்துவிட்டது. "ஐயோ, இது மீனுக்கு வச்ச தண்ணிண்ணே" என்றேன்.

திருச்சுழி பக்கத்தில் ஒரு வீட்டில் நின்றுகொண்டு, நான் உங்களுக்குக் கொடுத்தது கடல் தண்ணீர், மீனுக்கு வைத்தது என்று சொன்னால் யார் நம்புவார்? அண்ணனுக்குப் பதில் இன்னொருவர் இருந்து, இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். உப்புத் தண்ணீர் கொடுத்ததுமல்லாமல் கிண்டலும் செய்கிறாள் என்றுதான் நினைத்திருப்பேன். மதினி அப்படித்தான் நினைத்தார். "மீனா? எந்த மீனு?" என்றார்.

என் வீட்டுக்காரர் சந்தோஷமாக எழுந்தார். மீனைக் காட்டச் சொல்லிவிட்டார்கள் அல்லவா! "வாங்க மச்சான், வாங்க" என்று தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். எல்லாரும் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். உள்ளே தண்ணீர் இருந்தது. மணல் இருந்தது. மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மீன் இல்லை. புது ஆட்களைக் கண்டதும் மணலுக்குள் போய்விட்டது.

"உள்ள இருக்கு. பயந்துருச்சு" என்றார் இவர். மதினி, "நாங்க வந்ததும் மீனு மண்ணுக்குள்ள போயிருச்சாக்கும்" என்றார். ஆளைக் கண்டால் மீன் மணலுக்குள் போய் ஒளியும் என்பதை மதுரையிலோ மல்லாங்கிணற்றிலோ யாரும் கேள்விப்பட்டிருக்க முடியாது. மகள் ஓடிவந்து செல்போனில் அந்த மீனை எடுத்த வீடியோவைக் காட்டினாள். "செல்லுல ஆயிரம் மீனு வரும்த்தா" என்று மதினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணலக் கிண்டி அத வெளிய எடுங்க" என்று இவரிடம் சொன்னேன்.

"கிண்டுனா அடிபட்டுச் செத்துரும்" என்றார்.

என் மகளின் கல்யாணம் நிற்கிறது, பதினோரு வருஷம் கழித்து வந்த அண்ணன் கிளம்பப் போகிறார், இவர் மீனுக்கு அடிபடும் என்கிறார். அந்த நிமிஷம் அந்த மனுஷனையும் அந்த மீனையும் சேர்த்து வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோள்வரைக் கையைத் தொட்டிக்குள் விட்டேன். மணலை அள்ளி அள்ளிப் போட்டேன். தண்ணீர் கலங்கிச் சேறானது. தரையெல்லாம் கடல் வழிந்தது. கையில் கல் வந்தது, உடைந்த சிப்பி வந்தது, மீன் வரவில்லை. இவர் என் இன்னொரு கையைப் பிடித்து இழுக்கிறார். மகள் அழுகிறாள். மதினி சிரிக்கிறார்.

"போதும்த்தா, விடு" என்றார் அண்ணன். "நீ குடுத்த, நான் குடிச்சுட்டேன். அன்னைக்குள்ளதுக்கு இது சரியாப் போச்சு. கல்யாணத்துக்கு வாரேன். மாமன் செய்ய வேண்டியத எல்லாம் செஞ்சுருவேன்."

நான் மணல் ஒட்டிய கையோடு நின்றேன். அவர் என் வீட்டுக்காரரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். தாண்டிப் போனார். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஆட்டுக்கறியை அன்று யாரும் தொடவில்லை. சரியாகச் சொன்னால், நானும் மகளும் தொடவில்லை.

மறுநாள் காலையில் அது மணலிலிருந்து எழுந்து வந்தது. வால் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. மற்றபடி சேதமில்லை. வழக்கம்போல ஒரு கண்ணால் என்னைப் பார்த்தது. தோசைக்கல் சூடாகத்தான் இருந்தது. நான் தொட்டியிடம் போய்விட்டேன், பிறகு திரும்பி வந்தேன். அதைக் கொன்றால் எனக்குச் சாட்சி போய்விடும். என் வீட்டில் அப்படியொரு மீன் இருந்தது என்பதற்கு அந்த மீனைத் தவிர அவர்கள் நம்புகிற ஆதாரம் வேறு இல்லை.

அதனால் கல்யாணம் வரை அதை நான்தான் பார்த்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு எரிச்சலோடு நான் யாருக்கும் சோறு போட்டதில்லை. சென்னாக்குனி என்கிற பொடி இறாலைச் சின்னதாகக் கிள்ளிப் போடுவேன், அது வந்து பிடுங்கிக்கொண்டு போகும். தின்னு, தின்னு என்று திட்டிக்கொண்டே போடுவேன். சீர் பேச அண்ணன் ஒருமுறையாவது என் வீட்டுக்கு வருவார், அன்றைக்கு இதை வெளியே வைத்துக் காட்டிவிடலாம் என்று இருந்தேன். யாரும் பயமுறுத்தாதபடி கதவில் துணி சுற்றி வைத்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளை உள்ளே விடவில்லை.

அதற்குள் விஷயம் ஊரெல்லாம் பரவிவிட்டது. மதினி பரப்பியதுதான். மல்லாங்கிணற்றிலிருந்து காரியாபட்டி வரை பஸ்ஸில் போய்வரும் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது. இதில் எனக்கு வினோதமாக இருந்தது என்னவென்றால், யாரும் என்னைத் திட்டவில்லை. நூலகத்துக்கு வந்த ஒரு அக்கா, "நல்லாக் குடுத்த போ. எலையிலருந்து எழுப்புன ஆளுக்கு இதுதான் சரி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இல்லை அக்கா, அது தெரியாமல் நடந்தது என்றால், "ஆமா ஆமா, அப்படியே சொல்லு" என்று கண் சிமிட்டுகிறார். மீன் என்று சொன்னாலே சிரிக்கிறார்கள். முதல் வாரம் எனக்கு அழுகையாக வந்தது. இரண்டாவது வாரம் கோபம் வந்தது. மூன்றாவது வாரம் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இரவு சாப்பிட உட்காரும்போது, அண்ணன் அந்த டம்ளரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தது கண்ணுக்கு வரும். என் தங்கச்சி கொடுத்தது விஷமானாலும் குடிக்கிறேன் என்பதுபோல அவர் குடித்தார். என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டே குடித்தார். அதை நினைத்தால் சோறு இறங்காது.

அண்ணன் வீட்டுக்கு வரவே இல்லை. சீர் பேச்செல்லாம் போனிலேயே முடிந்தது. கல்யாணத்தன்று நேராக மண்டபத்துக்கு வந்தார். சொன்னது சொன்னபடி எல்லாம் செய்தார். தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் வந்தது. பட்டு, மாலை, மோதிரம் என்று ஒரு குறையில்லை. மகளுக்கு மாலை போட்டுக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போனார். மகள் விசும்பினாள், அவருக்கும் கண் கலங்கியது. மாப்பிள்ளை வீட்டார் இதையல்லவா எதிர்பார்த்தோம் என்பதுபோலத் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

தாலி கட்டி முடிந்து கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தபோது, அண்ணன் ஒரு தூணோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். வியர்த்திருந்தது. நான் ஒரு புதுத் தண்ணீர் பாட்டிலையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண் முன்னாலேயே மூடியைத் திருகி உடைத்தேன். டம்ளரில் ஊற்றி, முதலில் நான் பாட்டிலிலிருந்து ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டு நீட்டினேன்.

"குடிங்கண்ணே. அன்னைக்கு நான் வேணும்னு செய்யல. அந்த மீனு இன்னமும் வீட்டுல உசுரோட இருக்கு. ஒருநாள் வந்து பாருங்க."

அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டார். ஆனால் குடிக்கவில்லை. "அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார்.

"எத?"

"அந்த மீனத்தான். ஒரு மூலையில ஒத்தக் கண்ண மட்டும் மணலுக்கு வெளிய வச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு கெடந்துச்சு. நீ கையவிட்டுக் கலக்குனதுக்கப்புறம்தான் மறைஞ்சுச்சு. நீ சொன்னதெல்லாம் நெசம்னு எனக்கு அப்பவே தெரியும்த்தா."

மேளக்காரர்கள் மேளத்தை உறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் சொல்லி முடித்த நிம்மதியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு மாசம். நான் உண்ணாமல், உறங்காமல், ஊரெல்லாம் வாய்வலிக்கச் சொல்லி, பிடிக்காத ஒரு மீனுக்குச் சேவகம் செய்து கழித்த ஒரு மாசம். அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"தெரிஞ்சுக்கிட்டேவா பேசாமப் போனீக?"

அண்ணன் பந்திப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே என் வீட்டுக்காரர் வந்தவர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இலை முன்னால் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். மதுரைக்காரர்களையும் அவர்தான் உட்கார வைத்தார்.

"தெரியும்னு சொன்னா, அவருகிட்ட அந்த வார்த்தையச் சொல்லணும்ல" என்றார் அண்ணன். "அதுக்கு அந்தத் தண்ணியக் குடிச்சதே லேசு."

அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டு போனார். நான் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டேன். பிடுங்கவில்லை, வாங்கித்தான் கொண்டேன். அவரும் விட்டுவிட்டார். பாட்டிலை ஒரு கையிலும் டம்ளரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, சிந்தாமல், நாற்காலிகளுக்கு நடுவே பந்தி வரை நடந்தேன். என் வீட்டுக்காரர் காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவர், சட்டை முழுக்க நனைந்து போயிருந்தது.

"யாருக்குக் கொண்டு போற?" என்றார்.

"உங்களுக்குத்தான்" என்றேன்.

அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். தூணோரத்திலிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.